இன்னும் வெளியேறவில்லை

எங்கள் கல்லூரியில் யாருக்காவது விருது கிடைத்தால் முதலில் பிளெக்ஸ் அடித்துவிடுவார்கள்; எதற்கு விருது என்று பிறகுதான் கேட்பார்கள். பக்கத்திலேயே சிவகாசி இருக்கும்போது அச்சடிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அப்படித்தான் போன ஆடியில் விருதுநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்லூரி வாசல் வரைக்கும் பாண்டிச்செல்வி வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். 'தகவல் அமைப்பியல் துறையின் இளம் ஆய்வாளர்' என்று கீழே போட்டிருந்தது. முனைவர் பட்டம் வாங்கிச் சில வருடங்களே ஆனவர்களைத் தேடிப் பிடித்து ஒரு சங்கம் கொடுக்கிற விருது அது. பிளெக்ஸில் இருந்த சிரிப்பு பழைய சிரிப்பு. பட்டம் வாங்கிய நாளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் ஹெப்சிபா. அதே துறையில் அவளுக்குப் பக்கத்து மேசை. ஆராய்ச்சிக்கும் எனக்கும் ஆகாது. விடைத்தாள் திருத்தியே என் கண் போய்விட்டது. பாண்டிச்செல்வி அப்படியில்லை. திருத்தங்கல்லில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற வீட்டிலிருந்து வந்தவள். அம்மா முருகம்மாளும் அக்கா மாரிசெல்வியும் பட்டாசு வேலைக்குப் போய்த்தான் அவளைப் படிக்கவைத்தார்கள். அவளும் வேறெங்கும் போகாமல் அந்தக் கம்பெனி வாசலிலேயே தன் ஆய்வைத் தொடங்கினாள்.

வெடிமருந்து இருக்கிற இடத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் ஆளுக்கொரு கார்டு. அறை வாசலில் இருக்கும் இயந்திரத்தில் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும், வரும்போதும் காட்ட வேண்டும். எந்த அறையில் எத்தனை பேர் என்று ஆபீஸ் திரையில் தெரியும். விபத்து என்றால் யாரைத் தேடுவது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஆனால் சாயங்காலம் ஆனதும் போர்மேன்கள் எல்லார் கணக்கையும் தாங்களே மொத்தமாக மூடிவிட்டுப் போனார்கள். பாண்டிச்செல்வி அதைப் பிடித்தாள். கார்டு காட்டாமல் போனவரின் கணக்கை அவர் வீட்டுச் செல்போனிலிருந்து மட்டுமே மூட முடிய வேண்டும், மூடும்வரை தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த வீட்டுக்குத் தகவல் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று எழுதினாள். கம்பெனியும் அதைச் செய்து பார்த்தது. விருது அதற்குத்தான்.

ஒன்றை மட்டும் அவள் எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருத்திக்கு விசேஷம், காய்ச்சல் என்றால் அவள் கார்டை வாங்கிக்கொண்டு வீட்டில் இன்னொருத்தி வேலைக்குப் போவாள். மாத்தாள் என்பார்கள். சீசன் நேரத்தில் ஒரு நாள் போகாவிட்டாலும் அந்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள், அதனால். இது தண்ணீர் குடிக்கிற மாதிரி ஒரு காரியம். அதிலேயே வளர்ந்தவளுக்கு அது எழுத வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

மதுரையில் அவளுக்கு வாய்மொழித் தேர்வு நடந்தபோது நானும் போயிருந்தேன். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. முருகம்மாள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாரிதான் தன்னுடைய மாம்பழ நிறச் சேலையை அம்மாவுக்குக் கட்டிவிட்டு, "டாக்டரோட ஆத்தா மாதிரி போ" என்று பிடிவாதமாக அனுப்பிவைத்தாளாம். மாரியின் கம்பெனி வேறு, அங்கே அன்றைக்கு வேலை இல்லை; அதனால் அம்மாவின் கார்டை எடுத்துக்கொண்டு அவள் வேலைக்குப் போனாள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டார். "கார்டு ஒருவருடையது, ஆள் வேறொருவர் என்று நடக்க வாய்ப்புண்டா?"

"கார்டு உள்ளே வந்தால் ஆள் உள்ளே வந்ததாகத்தான் அர்த்தம் சார்" என்று பாண்டிச்செல்வி பளிச்சென்று சொன்னாள். நாங்கள் கை தட்டினோம். முருகம்மாளும் தட்டினார்.

எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவளுக்குப் போன் வந்தது. போர்மேன் செந்தூர்பாண்டி. மனுஷன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "தாயி, ஒம்பதாம் நம்பர் ரூம் வெடிச்சிருச்சு. உங்கம்மா உள்ள இருந்திருக்காக. போயிட்டாகத்தா."

பாண்டிச்செல்வி சிரித்தாள். "அம்மா இங்கன என் பக்கத்துலதான் பஜ்ஜி தின்னுக்கிட்டு இருக்கு. என்னண்ணே நீங்க?"

முருகம்மாள் டீயைக் கீழே வைத்தார். "ஏங்கார்டுல மாரில்ல போயிருக்கா" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. போலீஸ் காகிதத்தில் பெயரை மாற்றினார்கள். மாரிசெல்வி என்றுதான் அடக்கமும் செய்தார்கள். ஆனால் கார்டு வெளியே வரவில்லையே! மறுநாள் ஆறு மணிக்குப் பாண்டிச்செல்வியின் போனுக்குத் தகவல் வந்தது. 'முருகம்மாள், அறை 9, உள்ளே உள்ளார். இன்னும் வெளியேறவில்லை.' கீழே மூடுவதற்கு ஒரு பச்சைக் கட்டம்.

இரண்டு வருடத்துக்கு மேல் அது தினமும் வந்தது. எங்களுடன் பஸ்ஸில் வரும்போது வரும், டீக்கடையில் நிற்கும்போது வரும். அவள் முகம் அந்த நேரத்தில் செத்துப்போகும். "மூடித் தொலையேன்டி" என்று கோபத்தில் கத்தியிருக்கிறேன். "வெளிய வந்துட்டான்னு நான் எப்படிக்கா பொய் சொல்ல?" என்பாள். வீட்டில் இருந்தால் முருகம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து போனைக் கையில் வாங்கிக்கொள்வார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எழுத்து இருக்கிற இடத்தை விரலால் தடவிவிட்டு, "இருக்கா" என்று திருப்பிக் கொடுப்பார்.

விருது விழா எங்கள் கல்லூரி அரங்கில்தான் என்று முடிவானது. அந்தக் கார்டு இயந்திரங்களை விற்கிற அருள்பாண்டி, மேடையில் திரை வைத்துக் கம்பெனிக் கணக்கை நேரடியாகக் காட்டப்போவதாகச் சொன்னார். விழாவுக்கு முன்பு எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"மேடம், அந்த ஒரு கார்டு தெறந்தே கெடக்கு. இடிச்சுத் தரைமட்டமாக்குன ரூம்ல ஆள் இருக்குன்னு காட்டுது. நானே மூடிருவேன், நீங்க போட்ட ரூல்தான் விட மாட்டேங்குது."

"மூட மாட்டேன்" என்றாள் பாண்டிச்செல்வி.

"உங்களுக்குக் கொடுக்கிற விருதுங்க. உங்களுக்குத்தானே அசிங்கம்?"

அதை மூடிவிட்டால் அக்காவைத் தானே இரண்டாம் முறை அனுப்பிவைத்தது போலாகும் என்று அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள். விருதே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்றும் கேட்டாள். முருகம்மாள்தான் விடவில்லை. "அவ கட்டிவிட்ட சேலைய நான் இன்னொருக்கா கட்டிக்கிட்டு வாரேன், நீ வாங்கு" என்றாராம்.

விழாவுக்கு அதே மாம்பழ நிறச் சேலையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாண்டிச்செல்வி மேடையில் இருந்ததால் அவள் பையும் போனும் அம்மாவின் மடியில் இருந்தன. சிறப்பு விருந்தினர் வழக்கம்போல் தாமதம். அவர் வந்து, அருள்பாண்டி திரையைப் போட்டபோது சாயங்காலம் ஆகிவிட்டது. கம்பெனி வரைபடம் முழுக்கக் காலியாகத் தெரிந்தது. ஒன்பதாம் அறையில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி.

"யாரோ ஒருத்தர் வீட்டுக்குப் போக மனசில்லாமல் ஓவர்டைம் பார்க்கிறார்போல" என்றார் விருந்தினர். பாவம், அவருக்கு எதுவும் தெரியாது. அரங்கம் சிரித்தது. மேடையில் பாண்டிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எதுக்கு டீச்சரம்மா சிரிக்காக?" என்று முருகம்மாள் கேட்டார். மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. அந்தப் புள்ளி மாரிதான் என்று சொன்னேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டுப் பேரு சிரிக்க எம்பிள்ள அங்கன ஒத்தையில நிக்கவா?" என்றார். அப்போது மடியிலிருந்த போன் அடித்தது. ஆறு மணி. "எத அமுக்கணும், காட்டுங்க."

பச்சைக் கட்டத்தைக் காட்டினேன். அவர் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "மாரி, வெளிய வா தாயி. வீட்டுக்குப் போவோம்" என்று சொல்லிவிட்டு அமுக்கினார்.

திரையில் புள்ளி அணைந்தது. அருள்பாண்டிக்கு வாயெல்லாம் பல். எல்லாரும் கை தட்டினார்கள். மறுபடி போன் அடித்தது.

"வந்துட்டாளா? படிங்க."

"முருகம்மாள் பத்திரமாக வெளியேறினார்" என்று படித்தேன்.

"முருகம்மா நாந்தான. நான் எங்கன உள்ள போனேன் வெளிய வாறதுக்கு? மாரின்னு போட்டிருக்கா, நல்லாப் பாருங்க."

நன்றாகத்தான் பார்த்தேன். அந்தத் திரையில் மாரி உள்ளே போனதும் இல்லை, வந்ததும் இல்லை.

"இல்லம்மா" என்றேன். அவர் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "அப்ப என்னயத்தான் வெளிய விட்டுருக்காக. அவ இன்னும் உள்ளதான் கெடக்கா." அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

மேடையில் பாண்டிச்செல்விக்குக் கேடயம் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். புள்ளி அணைந்த திரையைப் பார்த்தபடியே மைக் முன்னால் நின்றாள்.

"வாய்மொழித் தேர்வில் நான் ஒரு பதில் தவறாகச் சொன்னேன். கார்டு உள்ளே வந்தால் ஆள் வந்ததாக அர்த்தமில்லை. அன்றைக்கு என் அம்மா கார்டில் ஒன்பதாம் அறைக்குள் போனது என் அக்கா. அவள் பெயர் மாரிசெல்வி."

ஒலிபெருக்கியில் அந்தப் பெயர் அரங்கம் முழுக்கக் கேட்டது. முருகம்மாள் என் கையை உதறிவிட்டு எழுந்து வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.