ஒரு கல்லுக்கு ஐந்து சொல்

அப்பாவின் தீட்டுக்கல் உடைந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் அவருடைய பை தோளிலிருந்து நழுவி எங்கள் லய வீட்டுப் படியில் விழுந்தது. உள்ளே இருந்த கல் கையில் பிடித்துத் தீட்ட முடியாத சில்லுகளாகிவிட்டது.

கவ்வாத்துத் தொடங்கி அன்றைக்கு ஐந்தாம் நாள். தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கீழே வெட்டி இறக்கும் அந்த வேலை இன்னும் நான்கு வாரம் மீதி இருந்தது. கத்தி மழுங்கினால் செடியின் கிளையான வாது சீராக வெட்டுப்படாது, பிளந்துகொள்ளும். பிளந்த இடத்தில் தண்ணீர் இறங்கினால் செடி பட்டுப்போகும். அதனால் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஒவ்வொரு செடியாகக் குனிந்து வெட்டுவாயைப் பார்ப்பார்.

மாலையில் அப்பா என்னைக் கூப்பிட்டு, தோட்டத்து ஸ்டோரில் புதுக் கல் வாங்கத் துண்டுக் கடிதம் ஒன்று எழுதித் தரச் சொன்னார்.

"தமிழ்ல வேணாம் தாயி. இங்கிலீசுல எழுது. அப்பத்தான் குடுப்பாங்க."

எனக்குப் பத்து வயது. எங்கள் லயத்தின் இருபது காம்பரா வீடுகளிலும் இங்கிலீஷ் சொல்லித்தரும் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான் ஒருத்திதான். றொசல்ல ரயில் நிலையத்தைத் தாண்டி நடந்து போக வேண்டும். அப்பாவின் அண்ணனான பெரியப்பா கவ்வாத்து ஆட்களுக்குக் கங்காணியாக இருந்தார். பொம்பளைப் பிள்ளைக்கு இங்கிலீசு எதற்கு, கொழுந்து என்ன இங்கிலீசா கேட்கிறது என்று பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் அப்பாவைக் கேட்பார். அப்பா சிரித்துக்கொண்டே நிற்பார்.

கொப்பியைத் திறந்து உட்கார்ந்தேன். கல் என்பதற்கு இங்கிலீஷ் தெரியும், கத்திக்குத் தெரியும், தயவுசெய்து என்பதற்கும் தெரியும். தீட்டுவதற்குத் தெரியவில்லை. நடுவில் ஒரு சொல் அளவுக்கு இடம் விட்டு, மற்றதை எழுதி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் போனேன். அவரிடம் ஒரு தடித்த இங்கிலீஷ் அகராதி இருந்தது. யாரோ ஒரு ஆபிஸ் கிளாக்கர் மாற்றலாகிப் போகும்போது பழைய காகிதத்தோடு விற்றுவிட்டுப் போனது. நானா அதைச் சாமான் சுற்றுவதற்கு முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகக் கிழித்துக்கொண்டு வந்தார்.

"பாக்கிறதெண்டா பாரு மகள். முன்னுக்கு உள்ளதெல்லாம் மொளகாத்தூளோட போயிட்டு."

நல்லவேளையாக எனக்கு வேண்டிய பக்கம் இருந்தது. ஷார்ப்பன் என்று ஒரு சொல் கிடைத்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதன் கீழே, அதே பொருள் தரும் சொற்கள் என்று வேறு நான்கு இருந்தன: வெட், ஹோன், கிரைண்ட், ஸ்ட்ரொப். ஐந்தையும் பார்க்காமல் ஒன்றை எழுத எனக்குத் துணிவு வரவில்லை. பிழையான சொல்லை எழுதி, ஸ்டோர்க்காரர் பிழையான கல்லைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது?

வெட் என்றால் கல்லில் தேய்த்துக் கூராக்குவது. சரி என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த வரியில் பசியைக் கிளப்புவது என்றும் போட்டிருந்தது. அப்பா சாப்பாடு கேட்கிறார் என்று ஆபிசில் நினைத்துவிடக் கூடாதே. ஸ்ட்ரொப் என்றால் தோல் வாரில் தீட்டுவது. எங்கள் வேலைக்கு ஆகாது. ஹோனும் கிரைண்டும் முன்பக்கங்களில் இருந்த சொற்கள். அவை எந்த வீட்டு அடுப்பில் எரிந்து போயினவோ.

வீட்டுக்கு வந்தபோது அப்பா தண்ணீர்ப் பீலியடிச் சிமெந்து விளிம்பில் கத்தியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. மழுங்கிய கத்தியால் ஒரு வாதை மூன்று தரம் கொத்தினால் கை அப்படித்தான் ஆகும் என்று சொல்லிக்கொண்டே அம்மா உப்பு ஒத்தடம் கொடுத்தார். பெரியப்பாவின் கல்லை ஒரு பொழுதுக்கு வாங்கிக்கொள்ளக் கூடாதா என்றும் கேட்டார். தன்னுடைய கல் வரப்போகிறது என்றார் அப்பா.

இன்னும் இரண்டு சொல் பார்க்க வேண்டியிருக்கிறது என்று பயந்துகொண்டே சொன்னேன். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை.

"நல்லாப் பாத்தே எழுது. ஆபிசு ஆளுங்க வாசிக்கிறது."

புதன்கிழமை ரீச்சரிடம் கெஞ்சி, அகராதி பூட்டிவைத்திருந்த பள்ளிக்கூடத்து அலுமாரியைத் திறக்க வைத்தேன். ஹோன் என்பது சவரக்கத்திக்கு உரிய மிக நுண்ணிய கல்லில் தீட்டுவது. கிரைண்ட் என்பது சக்கரத்தில் தீட்டுவது. மாவு அரைப்பதற்கும் அதே சொல்தான். ஐந்தையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, நேரே தமிழில் பொருளும் எழுதிக்கொண்டேன். தெளிவு வரும் என்று நினைத்திருந்தேன். வழி முழுவதும் வெட்டா ஷார்ப்பனா என்று மனதுக்குள் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

காம்பரா வாசலில் பெரியப்பா நின்றிருந்தார். உள்ளே வரவில்லை.

"நாளைக்கு மத்தியானம் கண்டாக்கையா ஓம் வரிசையத்தான் பாக்க வாராரு. இன்னைக்கு முப்பது செடிக்கு மேல பொளந்து கெடக்கு. நாளைக்கும் அப்புடியே இருந்தா ஒன்னயப் புல்லு வெட்ட அனுப்பிருவாரு. கூடப் பொறந்தவன்னு நான் குறுக்க நிக்க முடியாதுடா."

கவ்வாத்திலிருந்து ஒருதரம் இறக்கினால் திரும்ப எடுக்கமாட்டார்கள். அது எனக்கும் தெரியும். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொப்பியை எடுத்து, விட்டிருந்த இடத்தில் ஷார்ப்பன் என்பதையே போட்டேன். பின்பு முழுவதையும் புதுத் தாளில் இரண்டு தரம் எழுதினேன். முதல் தாளில் மை சற்றுக் கசிந்திருந்தது.

வியாழன் காலை, பெரட்டுக்கு முன்னால் அப்பாவோடு நானும் ஸ்டோருக்குப் போனேன். சொல் பிழையாக இருந்தால் அங்கேயே மாற்றி எழுதலாம் என்று பென்சிலும் கொண்டுபோயிருந்தேன். மண்வெட்டிக்கும் உரப்பைக்குமாக நாலைந்து பேர் முன்னாலே நின்றார்கள். பெரியப்பாவும் அவர்களில் ஒருவர்.

ஸ்டோர் கிளாக்கர் தாளை வாங்கினார். ஒருதரம் பார்த்தார். உள்ளே திரும்பி, ஒரு தீட்டுக்கல் எடுத்து வரும்படி தமிழில் சொன்னார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"இதுக்கு எதுக்குப்பா துண்டு? வருசா வருசம் வாயாலதானே கேட்டு வாங்குவ?"

என் காது சூடாகிவிட்டது. மூன்று நாள். வாயால் கேட்டால் கிடைத்திருக்கும்.

"ஆமாங்க," என்றார் அப்பா. "எம் மக எழுதுனதுங்க. ஒருக்காச் சத்தமா வாசிங்க."

கிளாக்கர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, அந்த ஒரு வரியை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். நின்றவர்களில் ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. எல்லோரும் பேசாமல் கேட்டார்கள். ஷார்ப்பன் வரும் இடத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அதைத் தாண்டிப் போய்விட்டார். கல் வந்து மேசையில் கிடந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை, பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் கண்டாக்கையா வந்து, அன்றைக்கு வெட்டிய செடிகளைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாராம். மாலையில் அப்பா சொன்னபோது அம்மாவுக்குச் சந்தோஷம் பாதி, ஆத்திரம் பாதி. வாயால் கேட்டுத் தொலைத்திருக்கலாமே, கை இப்படி ஆகியிருக்காதே என்று அடுப்படியிலிருந்து வெகுநேரம் பேசினார்.

எல்லாம் என்னால் வந்தது என்று எனக்குத் தோன்றியது. திங்கட்கிழமையே எழுதிக் கொடுத்திருந்தால் மணிக்கட்டு வீங்கியிருக்காது. அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அடுத்த தடவை அன்னைக்கே எழுதித் தாறேன்ப்பா."

வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா சிரித்தார்.

"எத்தன நாளானாலும் எழுது தாயி. நான் இருக்கேன்."

என் தாமதத்தை அவர் மன்னித்துவிட்டார் என்றே அன்றைக்கு அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டேன்.