அத்தைக்கு வராத காமாலை

என் அத்தைக்கு மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொன்னவன் நான். சொல்லச் சொன்னது அப்பா. ஆனால் பதின்மூன்று வயதில் எனக்குப் பொய் எது, மெய் எது என்று நன்றாகத் தெரியும். இதையெல்லாம் எழுத வேண்டாம் என்று வீட்டில் இப்போதும் சொல்கிறார்கள். மூடி வைத்ததற்கு உடந்தையாக இருந்தவன் நான். திறப்பவனும் நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். அப்பாவின் தங்கையான அத்தை திண்டிவனத்தில் எங்களோடு இருந்தாள். விழுப்புரம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலை. காலை பாசஞ்சரில் போய், ஹெட்போனை மாட்டி, ஊர் ஊராக டிரங்க் கால் இணைத்து, தாமதமானால் இரு முனையிலும் திட்டு வாங்கித் திரும்புவாள். வந்ததும் அடுப்படி. உடன் வேலை பார்த்த இருவர் மாற்றலாகிப் போன பிறகு அவர்களுடைய ஷிப்டும் அவள் தலையில் விழுந்தது. ஞாயிறும் போனாள். சாப்பிடக் கூப்பிட்டால் “நம்பர் ப்ளீஸ்” என்பாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அதை நடித்துக்காட்டி நான் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

ஒரு நாள் அவள் ரயிலுக்குப் புறப்படவில்லை. அம்மாவிடம், “அண்ணி, இனிமே உசுரோட இருக்கவே வாணாம்னு தோணுது” என்றாள். குரலில் அழுகைகூட இல்லை.

அப்பா பயந்துபோனார். அவருக்குப் பயம் கோபமாகத்தான் வெளியே வரும். “வெளிய தெரிஞ்சா இவள யாரு கட்டிப்பான்? கேட்டா காமாலைன்னு சொல்லு” என்றார் என்னிடம்.

காமாலை என்று கேள்விப்பட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். தெருவே கீழாநெல்லி பறித்து வந்தது. எதிர்வீட்டு அம்மாள் அதை அரைத்து மோரில் கலந்து, தன் கண்ணெதிரே குடிக்க வைத்துவிட்டுத்தான் போவாள். உப்பில்லாத கஞ்சி. எண்ணெய் ஆகாது, தாளிப்பு ஆகாது. இல்லாத நோய்க்கு இருபது நாள் பத்தியம்! ஏற்கெனவே துவண்டிருந்தவள் இன்னும் மெலிந்தாள். மெலிந்ததைப் பார்த்து, காமாலை முற்றிவிட்டது என்றார்கள்.

இதுவரை வேடிக்கை. இனி வருவது நான் செய்தது.

“என் சிநேகிதிய மட்டும் பாத்தா போதும்டா, அவகிட்ட பேசணும்” என்று அத்தை என்னிடம் சொல்லியிருந்தாள். தொலைபேசி நிலையத்தில் அவளோடு வேலை பார்த்துவந்த அந்தத் தோழி கோலியனூரிலிருந்து தானாகவே வந்தார். நான் வாசலில் மறித்து, “தொத்திக்கும்ங்க, யாரும் பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு” என்றேன். டாக்டரை நானே சேர்த்துக்கொண்டேன். உள்ளே அத்தைக்குக் கேட்டிருக்கும். அப்பா என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த வாரம் தோழி மறுபடியும் வந்தார். எதிர்வீட்டு அம்மாளும் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், தலையைக்கூட முடிந்துகொள்ளாமல் அத்தை வாசலுக்கு வந்துவிட்டாள்.

“உள்ள போ!” என்றார் அப்பா.

“போவ மாட்டேன்ணா. எனக்குக் காமாலையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஓடி ஓடி ஓஞ்சிப்போய்ட்டேன். செத்துடலாம்னு தோணுச்சி. இப்பவும் தோணிக்கினுதான் இருக்குது. அதச் சொன்னா நாக்கு அழுகிடுமா?”

எதிர்வீட்டு அம்மாள் தடுமாறினாள். “இன்னாம்மா சொல்ற? கண்ணு மஞ்சளா இருந்துச்சே, நானே பாத்தேனே!”

“அப்ப உங்க கண்ணத்தான்கா காட்டணும்.”

தோழிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, “இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடி? கெளம்பு, டாக்டராண்ட நானும் வர்றேன்” என்றார்.

மறுநாளே அப்பாவும் தோழியும் அவளைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனார்கள். மனநல மருத்துவர் மாத்திரையும் இரண்டு மாத விடுப்பும் எழுதினார். சான்றிதழில் காமாலை என்று போட்டுவிடும்படி அப்பா கெஞ்சினாராம், அத்தை விடவில்லை. திரும்ப வேலைக்குப் போனபோது ஒரு ஷிப்டுக்கு மேல் பார்க்க மறுத்தாள். அந்த நினைப்பு எட்டிப் பார்க்கும் நாளில் தோழியிடம் சொல்லிவிடுவாள். ரயிலில் யார் கேட்டாலும் உள்ளதைச் சொன்னாள்.

எனக்குத்தான் மானம் போயிற்று. பள்ளியில் பையன்கள் “லூசு அத்தை” என்றார்கள். தெருவில் அவள் வந்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். காமாலையே மரியாதையாக இருந்தது என்று நினைத்தேன்.

ஒரு மதியம் எதிர்வீட்டு அம்மாள் வந்து, “தம்பி, அத்தை இருக்குதா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“இல்லீங்க” என்றேன்.

“இருக்கேன்கா! வாங்க உள்ள” என்று குரல் வந்தது.

அந்த அம்மாள் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது. நெடுநேரம் அழுகை கேட்டது. அது அத்தையின் குரல் இல்லை. நான் வெளியே நின்று பொருமிக்கொண்டிருந்தேன். அத்தை என்னைப் பொய்யனாக்கிவிட்டாளே என்ற கோபம். நான்கு பிள்ளைகளையும் படுத்த படுக்கையான மாமியாரையும் விட்டுவிட்டு அந்த அம்மாள் எங்கள் வீட்டில் வம்பு பேச வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.