வாளிக்காரனும் ரதியும்

கந்தப்பனின் இரண்டு கட்டைவிரல்களும் உள்ளங்கையளவு பெட்டியொன்றை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தன. வலது விரலில் கொப்புளம். மருந்து போட்டுக்கொள்ள வந்தவர் கையை நீட்டவேயில்லை. தேயிலைத் தோட்டத்து மருந்துக்காம்பராவில் அப்போது நான்தான் நர்ஸ்.

“கொஞ்சம் பொறுங்க மிஸ்ஸி, இந்த வாளி நெறையட்டும்.”

அது 1985. குவைத்தில் வீட்டு வேலை பார்த்த மைத்துனி நாகலெட்சுமி கொண்டுவந்து கொடுத்த வீடியோ கேம் அது. கண்ணாடிக்குள் ஒரு குட்டி மனிதன், கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீரை வாளியில் ஓடி ஓடிப் பிடிப்பான். ஒரு சொட்டுத் தவறினால் ‘கீ’ என்று கத்தும்.

கேம் வருவதற்குமுன் கந்தப்பன் ஸ்டோரில் தேயிலை அரைத்துவிட்டு வந்தால் லயத்து வரிசை வீட்டு வாசலில் டேலியாவுக்கு மண் அணைப்பார், ஞாயிறுகளில் கேரம் ஆடுவார். மாசி பிறந்தால், சிவன் மதனை எரிக்கும் காமன் கூத்தில் அவர்தான் ரதி. சேலை கட்டி அவர் புலம்புவதைப் பார்க்கப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆள் வரும். இப்போது டேலியாவை ஆடு தின்றுவிட்டது. கேரம் பலகையில் மனைவி பேச்சியம்மா மிளகாய் காயவைத்தாள். ஒரு மழை நாளில் அவள் கத்தியது அடுத்த லயம்வரை கேட்டது.

“இங்க நெசமாவே ஒழுகுது! அந்த வாளிக்காரன எறங்கி வரச் சொல்லுங்க!”

காமன் கூத்தில் காப்புக் கட்டிவிட்டால் ஆளை மாற்றக் கூடாது. அதனால் அதற்கு முதல்நாள் மாலை, சேலையோடு முழு ஒத்திகை நடந்தது. மதன் வேடத்தில் அழகன் விடைபெற்றுப் பாடினான். ரதி முகத்தை முந்தானைக்குள் மறைத்துத் திரும்பி நின்றது. தோள்கள் குலுங்கின. என் பக்கத்தில் நின்ற இராசம்மா மூக்கைச் சிந்தினாள். தப்பு மேளம் நின்று எல்லோரும் அமைதியான நேரம், முந்தானைக்குள்ளிருந்து ‘கீ’ என்றது.

கூத்து வாத்தியார் இராமையா எழுந்தார்.

“என்னடா, மதன் சாகப் போறதுக்கு மணியடிக்கிறியா?”

சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. இராமையா சிரிக்கவில்லை.

“சேலைய அவுத்து அங்க நிக்கிற மூக்கங்கிட்ட குடு. நாளைக்குக் காப்பு அவனுக்கு.”

“அண்ணே, ரதி நான்தானே?”

“ரதி மதனப் பாக்கும். நீ எவனப் பாத்த?”

கந்தப்பன் எல்லோர் முன்னாலும் சேலையை அவிழ்த்து மடித்து மூக்கனிடம் கொடுத்தார். வீட்டுக்குப் போய்ச் சோறு தொடவில்லை, கேமையும் தொடவில்லையாம்.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு முன்னாலேயே மருந்துக்காம்பரா வாசலில் நின்றார்.

“மிஸ்ஸி, காமன் எரியிற வரைக்கும் இதப் பூட்டி வைங்க. நான் வந்து அழுதாலும் குடுக்காதீங்க.”

விஷ மருந்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். அவர் நேரே தண்ணீர்ப் பீலிக்குப் போனார். அங்கே குழாய்த் தண்ணீரில் இராமையா முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். கந்தப்பன் ஒன்றும் கேட்கவில்லை. அரைக்கால் சட்டையோடு, ரதியின் புலம்பலை முதல் அடியிலிருந்து தொடங்கினார்.

“காலங்காத்தால எழவா?” என்றாள் இராசம்மா. இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் பேச்சியம்மாவின் குடம் நிறைந்து வழிந்தது. அவள் எடுக்கவில்லை, அடுத்தவளும் குடத்தை நீட்டவில்லை.

பாட்டு முடிந்ததும் இராமையா நுரையைக் கழுவினார். வரிசைக்குப் பின்னால் நின்ற மூக்கனைக் கூப்பிட்டார்.

“எனக்கு அழ வராதுண்ணே, சிரிப்புத்தான் வருது,” என்று மூக்கன் முந்திக்கொண்டான். லயத்துக்கு ஓடிப் போய்ச் சேலையை எடுத்து வந்து, கந்தப்பன் தோளில் போட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடினான்.