மிளகு போட்ட கற்பூரம்

கல்யாணமாகி விழுப்புரத்துக்கு வந்த முதல் வருஷமே எனக்குக் கற்பூரத் திருடி என்று பெயர் வைத்தார்கள். ஐம்பதுகளின் கடைசி அது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

திருவாமாத்தூர் கோயில் வேண்டுதலுக்காக என் மாமியார் ஒரு டப்பா நிறையக் கற்பூரக் கட்டி வாங்கி, அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருந்தார். கரையாமல் இருக்கக் கொஞ்சம் மிளகும் போட்டிருந்தார். பல மாதம் கழித்துத் திறந்தால், அடியில் தூள்தான் கிடந்தது. மூடி சரியாக மூடாத டப்பா, கீழே நாள் முழுக்க அடுப்பு எரிகிறது, தானாகக் கரைந்திருக்கும் என்றேன். மாமியார் மிளகை எடுத்துக் காட்டினார். மிளகு இருக்கும்போது கற்பூரம் எப்படிக் கரையும்? அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும். அந்த வீட்டில் வேற்று ஆள் நான் ஒருத்திதான். என் அம்மா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேனாம். எங்கள் வீட்டில் கற்பூரம் வாங்கக்கூட வக்கில்லை பாருங்கள்.

என் வயிற்றெரிச்சல் மாமியார்மேல்கூட இல்லை. என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் ஹைஸ்கூல் சயின்ஸ் வாத்தியார். தினமும் ரயிலில் போய் வருவார். அப்போதுதான் வகுப்பில் பதங்கமாதல் நடத்தியிருந்தார். சில பொருள்கள் உருகித் திரவமாகாமல் நேரே ஆவியாகிவிடும், கற்பூரம் அப்படித்தான் என்று சாப்பிடும்போது என்னிடமே பெருமையாக விளக்கியவர். அந்த மனிதர், அவர் அம்மா என்னைக் கேட்ட கேள்விகளையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபடி மோர்ச்சோறு பிசைந்துகொண்டிருந்தார். வாயில் என்ன கொழுக்கட்டையா?

திருவாமாத்தூர் வட்டப்பாறையில் கைவைத்துப் பொய் சொன்னவர் பிழைக்க மாட்டார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஒரு வெள்ளிக்கிழமை வண்டி கட்டி என்னை அங்கே கூட்டிப்போனார்கள். குளித்த ஈரப் புடவையோடு, கோயிலுக்கு வந்த சனமெல்லாம் பார்க்க, பாறைமேல் கைவைத்து நான் எடுக்கவில்லை என்றேன்.

"ஒரு வாரம் போவட்டும், பாக்கலாம்" என்றார் மாமியார். நான் சாகிறேனா என்று பார்க்கப்போகிறாராம். எனக்கு எங்கிருந்துதான் துணிச்சல் வந்ததோ, பாறையிலிருந்து கையை எடுக்காமலே வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன்.

"நீங்களும் கை வைங்க. கற்பூரம் எங்க போச்சின்னு தெரியாதுன்னு சொல்லுங்க."

அவருக்குக் கை வரவில்லை. வேட்டி முனையைத் திருகிக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "அது தானா காத்துல போயிருக்கும்மா. மொளகெல்லாம் சும்மா" என்றார்.

"இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடா?"

"நீ என்னக் கேக்கலியே."

மாமியார் சிரித்துவிட்டார். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வண்டிக்காரரிடம் சொல்லிக்கொண்டே நடந்தார். நான் புடவையைப் பிழிந்துகொண்டு பின்னால் போனேன். உயிரைப் பணயம் வைத்துச் சத்தியம் செய்தவள் நான். அவர்கள் நம்பியது அவரை.