முப்பது பேருக்கு ஐந்து சஹன்

2024 யூன் 3: முன்பணம் வரவு, ரூ. 15,000
2024 யூன் 11: கோழி, அரிசி, நெய் செலவு, ரூ. 17,850
2024 யூன் 12: வரவேண்டிய மீதி, ரூ. 30,000. தரப்படவில்லை.

காத்தான்குடி ஸஹீதா கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பவர். கணவர் றவூப் கட்டாரில் முதுகு முறிந்து திரும்பிய பிறகு, வீடு ஸஹீதாவின் அடுப்பை நம்பித்தான் ஓடியது. வாவிக்கரை விடுதி ஒன்று, பயிற்சிக்கு வருபவர்களுக்குப் புதன்தோறும் மதியச் சாப்பாடு தர ஆள் தேடியது. யூன் 12இல் ஒரு வேளை சமைத்துக் காட்ட வேண்டும். பிடித்தால் ஒரு வருட ஒப்பந்தம்.

விலைக் கடிதத்தை ஸஹீதாவே ஆங்கிலத்தில் எழுதினார். ஏதோவொரு ஹோட்டல் தாளில் ‘பிளேட்டட் லஞ்ச்’ என்று பார்த்திருந்தார். பொதி கட்டிய லஞ்ச் பக்கெட் அல்ல, தட்டில் பரிமாறுவது என்று விளங்கிக்கொண்டு அதையே போட்டார். ஹோட்டல்காரர்களுக்கு அது, சமையலறையிலேயே ஆளுக்கொரு தட்டாகப் போட்டு வரும் சாப்பாடு. காத்தான்குடியில் விருந்தென்றால் சஹன் என்ற பெருந்தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து உண்பார்கள். அதை எழுதிச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

விருந்தினர் வர இருபது நிமிடம் இருக்கையில், விடுதி மேலாளர் டஸ்டின் மேசையில் இருந்த ஐந்து சஹன்களைப் பார்த்தார்.

“ராத்தா, மற்ற இருபத்தஞ்சும் எங்க?”

“முப்பது பேருக்கும் இதுதான் தம்பி. ஆறு பேருக்கு ஒண்டு.”

“கொழும்பில இருந்து வாற ஆக்கள், ஆரெண்டே தெரியாதவனோட ஒரே தட்டில கை போடுவாங்களா? நீங்க எழுதினது என்ன?”

ஸஹீதா வாதாடவில்லை. எத்தனை தட்டு இருக்கிறது என்று மட்டும் கேட்டார். இருபத்திரண்டு. மீதியை இரவல் வாங்க டஸ்டின் ஓடினார். ஒவ்வொரு சஹனின் நடுவிலும் முழுக்கோழி. அப்படியே வெட்டினால் ஒருவருக்கு நெஞ்சு, இன்னொருவருக்குக் கழுத்து. சுடச்சுட எலும்பைக் களைந்து, இறைச்சியைச் சோற்றில் பிரட்டிப் பங்கிட்டார். வெளியே விருந்தினரின் வான் வண்டி வந்து நின்றது. முப்பதாவது தட்டு மேசைக்குப் போனபோது சாப்பாட்டு நேரம் தாண்டி அரை மணி. வந்தவர்கள் நேரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். ருசியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. முதலாளிதான் முடிவெடுப்பார் என்றார் டஸ்டின்.

அன்றே ஸஹீதா விடுதிக்கு இரண்டாவது கடிதம் எழுதினார். ஹோட்டல் சொற்கள் எதுவும் அதில் இல்லை. ஆறு பேர் ஒரு பெரிய தட்டில் உண்பது எங்கள் வழக்கம். ஆளுக்கொரு தட்டு வேண்டுமானால் முதல்நாள் சொல்லுங்கள், அப்படியே தருகிறோம் என்று சின்னச் சின்ன ஆங்கில வசனங்களாக எழுதினார்.

பதில் வரவில்லை. ஏறாவூரில் ஒரு கடைக்காரர் தன் ஆட்களுக்குப் புதன்கிழமைச் சாப்பாடு கேட்டார்.

“இனி அது வராது. இவருக்கு ஓம் எண்டு சொல்லு” என்றார் றவூப்.

“செவ்வாய் வரைக்கும் பார்ப்பம்.”

ஆளுக்கொரு தட்டு, முப்பது பேர், புதன்தோறும் என்று விடுதியின் கடிதம், மீதிப் பணத்துக்கான காசோலையுடன் வந்த நாள்: 2024 யூலை 2, செவ்வாய்.