வசந்தி சொன்ன ‘ஜூட்’

இன்று சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போகிற பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் பத்மா அக்கா. எழுபதுகளின் கடைசியில் ஸ்ரீரங்கத்தில் காணாமல் போன என் தோழி வசந்தியின் அக்கா. வசந்திக்கு அப்போது எட்டு வயது. இன்றுவரை கிடைக்கவில்லை.

அவர் மடியில் என் புது மர்ம நாவல்.

“நல்லா எழுதியிருக்கே. ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளுங்கக்கா.”

“கண்ணாமூச்சியில அந்தப் பொண்ணு ஒளிஞ்சுக்கிட்டு, இனி தேடலாம்னு ‘ஜூட்’ கத்துது. தேடவேண்டியவ தேடாம வீட்டுக்குப் போயிடறா. அன்னிக்குப் போலீஸ்கிட்ட, வசந்தி விளையாடவே வரலைன்னுதானே சொன்னே?”

பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியது. “அது கற்பனைக்கா” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. இறங்கும்போது தன் போன் நம்பரை நாவலின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அந்தப் பக்கத்தைக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

“நாங்க படித்துறைப் பக்கம் மட்டும்தாம்மா தேடினோம். அந்த ‘ஜூட்’ எந்தப் பக்கத்துலேர்ந்து கேட்டுச்சு?”

எனக்குத் தெரியும்.

நாவலைப் படித்துவிட்டு முடிவை யூகிக்கவே முடியவில்லை என்று பாராட்டிய நண்பர்களே, அக்கா போனை எடுத்ததும் நான் முதல் வரி என்ன சொல்வது? முந்நூறு பக்கம் எழுதியவளுக்கு அது வரவில்லை.