பைப்படியில் என் முகம்

சவரம் செய்த முகத்தில் பச்சைத் தண்ணீரை அள்ளி அடித்தால் சுரீரென்று ஒரு சுகம் வரும். ஏதோ தங்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததுபோல் ஆண்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள். மூணாறு பக்கம் எங்கள் சித்திரபுரத்துக் காலைக் குளிரில் அது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். நான் தினமும் சவரம் செய்கிறவள். ஆமாம், பெண்தான். முகம் சுளிக்க நினைப்பவர்கள் இப்போதே சுளித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

பிளஸ் டூ படிக்கும்போது தாடையில் முடி தொடங்கியது. பூனைமுடி, தானாக உதிர்ந்துவிடும் என்றாள் அம்மா. அந்தப் பூனை கொஞ்ச நாளில் கரடியாகிவிட்டது. அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். கூடப் பறிக்கும் பெண்களிடம், இல்லாத ஓர் அக்காவின் மகளுக்கு என்று சொல்லி வைத்தியம் கேட்டு வருவாள். கஸ்தூரி மஞ்சள், குப்பைமேனி, கடலைமாவு என்று எல்லாவற்றையும் என் முகத்தில்தான் அப்பினாள். அடிமாலியில் ஒரு டாக்டரிடமும் போனோம். "பேடிக்கண்டா மோளே" என்று மலையாளத்தில் தைரியம் சொல்லி, ஹார்மோன் என்று மாத்திரை எழுதினார். மாத்திரையில் உடம்பு கொஞ்சம் ஊதியது. முடி அசையவே இல்லை.

கடைசியில் அம்மாவே ரேசர் வாங்கி வந்தாள். கடையில் அப்பாவுக்கு என்று சொல்லியிருக்கிறாள்.

தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடு எங்களுடையது, ஒரு முன்னறை, ஓர் அடுக்களை, அவ்வளவுதான். தண்ணீருக்கு லைன் கோடியில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு பைப். அதனால் நான் அடுக்களை மூலையில், கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஒரு செம்பு வெந்நீரை வைத்துச் சவரம் செய்வேன். கழுவ முடியாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். தண்ணீர் அடிக்கும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்பாள் அம்மா. செம்பில் மிச்சமிருக்கும் தண்ணீரில் முடி மிதக்கும் இல்லையா, அதை அவளே பாத்திரம் கழுவிய தண்ணீரோடு கலந்து கொண்டுபோய்க் கொட்டுவாள். கொலை செய்த வீட்டில்கூட இவ்வளவு பத்திரமாகத் தடயத்தை அழிக்கமாட்டார்கள்.

எத்தனை முறை துடைத்தாலும் சோப்பு தோலிலேயே நிற்கும். பள்ளிக்கூட பஸ் வருவதற்குள் தாடை எரியத் தொடங்கும். மத்தியானத்துக்குள் சிவந்து பொரிந்துவிடும். அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தால் பைப்படி தெரியும். தேயிலை பேக்டரி வேலைக்குக் கிளம்பும் அப்பாவும் மற்ற ஆண்களும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். சவரம் முடித்ததும் மலைத் தண்ணீரை இரண்டு கையிலும் அள்ளி முகத்தில் அறைந்து, லைனுக்கே கேட்கிற மாதிரி "உஸ்... ஆ..." என்பார்கள். எனக்கு அவர்கள் மேல் அப்படி ஒரு பொறாமை. எனக்கு அழகான முகம்கூட வேண்டாம், அந்த ஒரு கை தண்ணீர் போதும் என்றிருக்கும்.

படிப்பு முடிந்து ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கம்பம்மெட்டில் ஏலக்காய் வியாபாரம். நல்ல இடம். அம்மா விடியும் முன்பே என்னை எழுப்பி, தானே கண்ணாடி பிடித்து, ஒரு முடி மிச்சமில்லாமல் சவரம் செய்யவைத்தாள். "கல்யாணம் முடியற வரைக்கும் வாயத் தொறக்காத. பெறகு பாத்துக்கிடலாம்" என்றாள். பிறகு என்ன பார்ப்பது என்று எனக்குத் தெரியும். இன்னொரு வீட்டு அடுக்களையில் தாழ்ப்பாள், செம்பு, ஈரத்துணி. புருஷன் விழிக்கும் முன் எழுந்து, ஆயுசு முழுக்க. கல்யாணம் எனக்கு வேண்டாம் என்றில்லை. அந்தத் தாழ்ப்பாள்தான் வேண்டாம்.

காலையில் வருவதாகச் சொன்னவர்கள் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தார்கள். லீவு நாள். மூணாறு ரோடு முழுக்க டூரிஸ்ட் வண்டி. அதற்குள் என் தாடை தன் வேலையைத் தொடங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியாது, தொட்டால் தெரியும். அம்மா இன்னொரு தரம் பவுடரை அப்பினாள்.

காபி கொடுத்தேன். மாப்பிள்ளையின் அத்தைக்கு என்னை உடனே பிடித்துவிட்டது. பாசக்காரி. "என் ராசாத்தி" என்று, எல்லா அத்தைமாரும் செய்வதுபோல, என் தாடையைக் கையால் வழித்து விரலை உதட்டுக்குக் கொண்டுபோனாள். பாதி வழியில் கை நின்றுவிட்டது. விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள். மறுபடியும் என் தாடையைத் தொட்டாள்.

"என்னத்தா இது, சொரசொரன்னு?"

"பருங்க" என்று அம்மா முந்திக்கொண்டாள். "குளிருக்குத் தோலு அப்பிடி ஆயிருது."

அப்போதுகூட நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தால் சரியாகிப் போயிருக்கும். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கொழுந்துக்கூடையை நெற்றிச் சுமையாகத் தூக்கி மலை ஏறுகிற பொம்பளை, திருடி அகப்பட்டவள்போல் நின்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"பரு இல்ல அத்தை. முடி. காலையில ஷேவ் பண்ணேன். நீங்க வரத் தாமதமாயிட்டு, மொளச்சிட்டு."

"பொம்பளப்பிள்ள பேசுற பேச்சா இது?" என்றாள் அத்தை. குரலில் இருந்த பாசமெல்லாம் வடிந்துவிட்டது. மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அவர் மோவாயில் பிளேடு கீறிய காயம் அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

"அவுகளும் பண்ணிட்டுத்தான வந்திருக்காக" என்றேன். "அவுகளுக்குத்தான் மோவாயில வெட்டிக்கிட்டு. எனக்குக் கை சுத்தம்."

காபி ஆறும் முன்பே அவர்கள் வந்த ஜீப் கிளம்பிவிட்டது. அப்பா "விடு" என்று ஒரே சொல்லோடு வெளியே போனார். அம்மா என்னைத் திட்டவில்லை. அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். அதுதான் என்னை அறுத்தது. ஆனால் பேசியதற்காக ஒரு சொட்டுகூட நான் வருந்தவில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. விளக்கு வைப்பதற்குள் லைன் முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

மறுநாள் காலை கதவைத் தாழ்ப்பாள் போடாமல் சவரம் செய்தேன். முடித்துவிட்டு, துணியை எடுக்காமல், முகத்தில் நுரையோடு வெளியே வந்தேன். பைப்படி எங்கள் வீட்டிலிருந்து பன்னிரண்டு கதவு தள்ளி. ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை. பார்த்தால் பார்க்கட்டும், நடக்கத்தானே வேண்டும் என்று நடந்தேன்.

பைப்படியில் ஆண்கள் துண்டும் தோளுமாக நின்றிருந்தார்கள். அப்பாவும் அங்கேதான் இருந்தார், ஒரு கன்னத்தில் நுரையோடு. என்னைப் பார்த்தார், பைப்புக்குக் கீழே இருந்த தன் வாளியை எடுத்து ஓரமாக வைத்தார். நான் குனிந்து இரண்டு கையிலும் அள்ளி அடித்தேன். அப்பப்பா! எலும்பு வரைக்கும் போன குளிர். இத்தனை வருஷத்து எரிச்சல் ஒரே அறையில் ஓடிப்போனது. என்னை அறியாமல் "ஆ..." என்று கத்திவிட்டேன். பின்னால் யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

அம்மா துண்டோடு ஓடிவருவது தெரிந்தது. என் தலையில் முக்காடு போட்டு உள்ளே இழுத்துப்போகத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவளும் அதற்குத்தான் வந்திருப்பாள். பக்கத்தில் வந்து நின்றவள், சிரித்தவன் பக்கம் திரும்பினாள்.

"என்ன பார்வ? பொழுதனைக்கும் நீங்க கழுவுறதத்தான நாங்க பாத்துக்கிட்டுக் கெடக்கோம். போயி ஒங்க மூஞ்சியப் பாருங்கய்யா!"

அம்மா துண்டைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"காதுக்குக் கீழ நொர நிக்கி" என்றாள், லைனுக்கே கேட்கிற மாதிரி. "இன்னும் நல்லா அள்ளி அடிச்சுக் கழுவுட்டி."